சாய்வுதளம் மட்டும் போதுமா? கோயில் புதுப்பிப்பில் மாற்றுத்திறனாளிகளுக்காக என்ன செய்யலாம்

பொருநைக்கரை

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நெல்லைப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரத்தில், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள வட்டாரத்தில், கமிட்டிச் செயலராக இருக்கிறேன். எங்கள் கோயில் கட்டி நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கூரை ஒழுகுவதால் இந்த ஆண்டு பெரிய அளவில் பழுதுபார்க்கிறோம். அந்த வேலையோடு சேர்த்துத் தெற்கு வாசலில் ஒரு சாய்வுதளம் கட்டவும் கமிட்டி தீர்மானித்துவிட்டது. யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை.

எதிர்ப்பில்லாமல் முடிந்ததுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. சிமெண்டில் ஒரு சரிவைப் போட்டுவிட்டால் கடமை தீர்ந்தது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். "நம் கோயிலுக்குச் சக்கர நாற்காலியில் யாருமே வருவதில்லையே, பிறகு எதற்கு அதிகம் யோசிக்க வேண்டும்?" என்று மூத்த அங்கத்தினர் ஒருவர் கேட்டார். வருவதில்லைதான். ஆனால் சபைப் பதிவேட்டில் அவர்கள் இருக்கிறார்கள். பக்கவாதத்தில் படுத்தவர்கள், சிறு வயதில் போலியோ வந்தவர்கள், காது கேளாத இளைஞர்கள், சர்க்கரை நோயால் பார்வை போன பெரியவர் ஒருவர். ஆயர் வீட்டுக்குப் போய்த் திருவிருந்து கொடுத்துவிட்டு வருகிறார். அவர்களுடைய காணிக்கைக் கவர் மட்டும் தவறாமல் கோயிலுக்கு வருகிறது.

வேலை தொடங்கும் முன் வேறு என்னென்ன பார்க்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். கமிட்டியில் அப்படியே படித்துக் காட்டப் போகிறேன்.

கல்லும்மண்ணும்

கட்டடப் பொறியாளன் என்ற முறையில் முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சாய்வுதளத்துக்கு 1:12 என்பது விதி. ஒரு அடி உயரம் ஏற வேண்டுமானால் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். உங்கள் தெற்கு வாசலில் 15 செ.மீ. உயரப் படிகள் ஐந்து இருந்தால் மொத்தம் 75 செ.மீ.; அதற்குச் சாய்வுதளம் 9 மீட்டர் போக வேண்டும். மேலும் கீழும் 1.5 மீட்டர் சமதளம் தனி. இடம் போதாவிட்டால் நடுவில் ஒரு சமதளம் விட்டு 'ப' வடிவில் திருப்பலாம்.

நம் ஊரில் கட்டுவது பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் ஏற்றுகிற சரிவு. இரண்டு மீட்டரில் முடித்துவிடுகிறார்கள். அதில் சக்கர நாற்காலி ஏறாது. இறங்கும்போது ஆளையே முன்னால் தள்ளிவிடும். கொத்தனாரிடம் "ஒரு சரிவு போடுங்கள்" என்று வாய்மொழியாகச் சொன்னால் அதைத்தான் போடுவார். வரைபடம் கொடுங்கள். அகலம் 1.2 மீட்டருக்குக் குறைய வேண்டாம். இருபுறமும் கைப்பிடிக் கம்பி வேண்டும். ஓரத்தில் சக்கரம் நழுவாதபடி சிறு வரம்பு வேண்டும். மேலே வழவழப்பான டைல்ஸ் வேண்டவே வேண்டாம், மழைக்காலத்தில் ஊன்றுகோல் வழுக்கும். கதவு திறந்த பிறகு 90 செ.மீ. இடைவெளி கிடைக்கிறதா என்று பாருங்கள். பழைய கோயில்களில் இரட்டைக் கதவில் ஒன்றை மட்டும் திறந்துவைக்கும் பழக்கம் இருக்கும். மற்றதன் தாழ்ப்பாள் துருப்பிடித்து அசையாது.

ஊன்றுகோல்_61

சகோதரர் சொன்ன கணக்கோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். செருப்பு.

எனக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது. காலைத் தாங்கும் காலிபர் கருவியைப் போட்டு நடக்கிறேன். காலிபரின் இரும்புக் கம்பி பூட்ஸோடு இணைந்திருக்கும், பூட்ஸைக் கழற்றினால் நடக்க முடியாது. எங்கள் பக்கத்துக் கோயில்களில் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். நல்ல பழக்கம், எனக்கும் அதில் மரியாதை உண்டு. ஆனால் பூட்ஸோடு உள்ளே நுழையும் என்னை ஒவ்வொரு புதுக் கோயிற்பிள்ளையும் (கோயிலைக் கவனிக்கும் பணியாளர்) வாசலிலேயே நிறுத்தியிருக்கிறார். சக்கர நாற்காலியின் டயரைத் துடைத்துவிட்டு வரச் சொன்ன இடமும் உண்டு. துடைக்க ஒரு துணியும் உட்கார ஒரு ஸ்டூலும் வாசலில் வைத்திருந்தால் அது வரவேற்பு. வெறுமனே தடுத்தால் அடுத்த வாரம் அந்த மனிதர் வரமாட்டார்.

அடுத்தது பீடத்தின் முன்னால் இருக்கிற கிராதி, அதாவது தடுப்பு. படியேறி, முழங்காற்படியிட்டு அப்பமும் ரசமும் வாங்க என்னால் முடியாது. "நீங்கள் பெஞ்சிலேயே இருங்கள், கடைசியில் ஐயர் வருவார்" என்பார்கள். ஆயரைத்தான் ஐயர் என்போம். எல்லாரும் வாங்கி முடித்து, பாட்டும் முடிந்து, சபையே திரும்பிப் பார்க்கும் நேரத்தில் ஐயர் என்னிடம் வருவார். அவர் அன்பாகத்தான் வருகிறார். ஆனாலும் என் மனைவியோடு ஒரே வரிசையில் திருவிருந்து வாங்க எனக்கு ஆசை இருக்கிறது. படிக்குக் கீழே ஒருவர் நின்று கொடுத்தால் போதும். நிற்பவர்களும் உட்கார்ந்திருப்பவர்களும் அங்கேயே வாங்கலாம். இதற்கு ஒரு செங்கல்கூட வேண்டாம்.

மணிக்கூண்டு

என் கருத்து சிலருக்கு வருத்தம் தரலாம். பழைய கோயில்களின் முகப்பை மாற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. சுண்ணாம்பும் கருங்கல்லுமாக அந்தக் காலத்து மக்கள் ஒருவேளைச் சோற்றை மிச்சப்படுத்திக் கட்டியவை அவை. கைப்பிடி அரிசிக் காணிக்கை எடுத்துக் கட்டிய கோயில்கள் நம் மாவட்டத்தில் எத்தனையோ இருக்கின்றன. அதன் முன்னால் எவர்சில்வர் கம்பியும் சிமெண்டுச் சரிவும் வைத்தால் பார்க்கச் சகிக்காது. பக்கவாசல் போதும் என்பதே என் எண்ணம். உதவிக்கு நான்கு இளைஞர்களை வாசலில் நிறுத்தினால் யாரையும் தூக்கிக்கொண்டு போய்விடலாம். திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்ததாகத்தானே மாற்கு சுவிசேஷம் சொல்கிறது?

சக்கரமும்நானும்

மணிக்கூண்டு ஐயா, கோயிலின் அழகு மேல் உங்களுக்கு இருக்கிற அன்பு எனக்கும் உண்டு. நான் ஞானஸ்நானம் பெற்ற கோயிலும் அப்படிப்பட்டதுதான். விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருக்கிறேன், அதனால் தூக்கப்படுவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் பெண். நான்கு ஆண்கள் வந்து, ஒருவர் அக்குளில் கைகொடுத்து, இன்னொருவர் காலைப் பிடித்து, சேலை விலகுகிறதா என்று நான் பார்த்துக்கொண்டே இருக்க, சபை முழுவதும் முன்னால் அந்தப் படிகளில் ஏற வேண்டும். ஆராதனை முடிந்ததும் அதே முறையில் இறங்க வேண்டும். நடுவில் கழிவறைக்குப் போக வேண்டுமானால் மறுபடியும். இதற்குப் பயந்து சனிக்கிழமை மாலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண்களை எனக்குத் தெரியும். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்குத் தண்ணீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று வரும், காய்ச்சலில் கொண்டுபோய்விடும். தூக்குகிற கைகளில் அன்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் நான்கு பேருடைய தயவு இருந்தால்தான் ஆராதனை என்றால் எத்தனை ஞாயிறுகளுக்கு ஒருவருக்கு மனம் வரும்?

மாற்கு 2ஆம் அதிகாரத்தைத் தொடர்ந்து படியுங்கள் ஐயா. அந்த நான்கு பேரும் வாசலில் வழியில்லை என்று கண்டதும் திரும்பிப் போகவில்லை, வேறு நாள் வரலாம் என்று காத்திருக்கவும் இல்லை. வீட்டின் கூரையைப் பிரித்தார்கள். கட்டடத்தை மாற்றினார்கள். இயேசு கூரையைப் பற்றி ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை.

பக்கவாசலைப் பற்றியும் ஒன்று. எங்கள் கோயிலில் பக்கவாசல் என்பது ஜெனரேட்டரும் அசன விழா என்கிற சபை விருந்துக்கான பாத்திரங்களும் கிடக்கிற இடம். மணப்பெண் சக்கர நாற்காலியில் இருந்தால் அவள் ஜெனரேட்டரைக் கடந்துதான் மணவறைக்குப் போக வேண்டுமா? முதன்மை வாசலில் இடமே இல்லை என்றால் பக்கவாசலையே எல்லாரும் வருகிற வாசலாக்குங்கள். ஆயரும் பாடகர் குழுவும் பவனியாக வருவது அந்த வழியாக இருக்கட்டும். அப்போது அதைத் தானாகவே சுத்தமாக வைத்திருப்பார்கள்.

கல்லும்மண்ணும்

மணிக்கூண்டு ஐயாவின் அச்சத்துக்கு வழி இருக்கிறது. பழைய சுவரைத் தொடாமல், தரையில் தனியாக நிற்கும்படி இரும்புச் சட்டத்தில் சாய்வுதளம் அமைக்கலாம். பின்னாளில் எடுத்துவிடவும் முடியும், கல்லுக்குச் சேதம் வராது. அதைவிட நல்லது, முகப்புக்கு முன்னால் மைதானம் இருந்தால் மண்ணை மெல்ல மெல்ல உயர்த்தி, நடைபாதையே வாசல் மட்டத்துக்கு வந்து சேரும்படி செய்வது. சாய்வு 1:20 அளவுக்கு மென்மையாக இருந்தால் அது சாய்வுதளமாகவே கண்ணுக்குத் தெரியாது. தள்ளுவண்டியில் வரும் குழந்தையும் ஊன்றுகோலோடு வரும் பாட்டியும் அதே வழியில் வருவார்கள். மழைநீர் வாசலுக்குள் வராதபடி வடிகால் மட்டும் சரியாக அமைய வேண்டும்.

சட்டம்தெரிந்தவன்

கமிட்டியில் படிக்கப்போவதாகச் செயலர் எழுதியிருப்பதால் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 'பொதுக் கட்டடம்' என்பதற்குத் தரும் விளக்கத்தில், பொதுமக்கள் பயன்படுத்தும் அரசு, தனியார் கட்டடங்கள் இரண்டும் வருகின்றன. சமயக் காரியங்களுக்கான கட்டடங்கள் அதில் வெளிப்படையாகவே சொல்லப்பட்டுள்ளன. கோயில், மசூதி, தேவாலயம் எதற்கும் விலக்கு இல்லை. பழைய கட்டடங்களை மாற்றியமைக்க 45ஆம் பிரிவு ஐந்து ஆண்டு அவகாசம் கொடுத்தது. விதிகள் 2017 ஜூனில் வந்தன, அந்தக் கெடு 2022இலேயே முடிந்துவிட்டது. புதிய கட்டடமாக இருந்தால் விதிப்படி கட்டாவிட்டால் நிறைவுச் சான்றிதழே தரக்கூடாது என்கிறது 44ஆம் பிரிவு.

2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தொடர்பான அளவுகளை வெறும் பரிந்துரையாக விட்டுவிட முடியாது, கட்டாயமான அடிப்படை விதிகளை வகுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. 1990இல் அங்கே வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் சமய நிறுவனங்களுக்கு விலக்கு அளித்திருக்கிறது. அந்த விலக்கு நமக்கு இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோயில் வளாகத்திலேயே இருக்கிற நம் பள்ளிக்கூடங்களைப் பாருங்கள். வாக்குச்சாவடியாக இருப்பதால், கல்வி அதிகாரி வந்து பார்ப்பதால், அங்கே சாய்வுதளம் இருக்கிறது. ஒரே சுற்றுச்சுவருக்குள், ஓட்டுப் போடப் போகலாம், ஜெபிக்கப் போக முடியாது.

பெத்தேல்_ஊழியன்

சகோதர சகோதரிகளே, நான் பெந்தெகொஸ்தே சபையில் ஊழியம் செய்கிறேன். வசதிகள் செய்வதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் இந்த இழை முழுவதும் கம்பியும் சிமெண்டுமாகவே இருக்கிறது. நம் ஆண்டவர் சுகமளிக்கிறவர். குருடர் பார்த்ததும் முடவர் நடந்ததும் சுவிசேஷத்தில் இருக்கின்றன. மாற்றுத்திறனாளி ஒருவர் சபைக்கு வந்தால், அவருக்காகக் கைவைத்து விசுவாசத்தோடு ஜெபிப்பதுதான் முதல் வரவேற்பு என்று நான் நம்புகிறேன். அற்புதத்தை எதிர்பார்க்காத சபை எப்படிச் சபையாகும்?

சக்கரமும்நானும்

ஊழியர் ஐயா, ஜெபத்தை நானும் நம்புகிறேன். தினமும் ஜெபிக்கிறேன். என் வலிக்காக, என் மகளின் படிப்புக்காக, பக்கத்து வீட்டுப் பாட்டிக்காக.

சுகமளிக்கும் கூட்டங்களுக்கு என்னைப் பலமுறை அழைத்துப் போயிருக்கிறார்கள். முதல் வரிசையில் நிறுத்துவார்கள். பேர் கேட்கமாட்டார்கள், எனக்கு என்ன வேண்டும் என்றும் கேட்கமாட்டார்கள். தலையில் கைவைத்து, "எழுந்து நட" என்று மைக்கில் சொல்வார்கள். நான் நடக்கவில்லை. நடக்காத பிறகு என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதை உங்களிடம் எப்படிச் சொல்ல! "விசுவாசம் போதாது", "வீட்டில் ஏதோ பாவம் அறிக்கையிடப்படாமல் இருக்கிறது" என்று என் அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா அதை நம்பி உபவாசம் இருந்து உபவாசம் இருந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டார். யோவான் 9ஆம் அதிகாரத்தில் சீஷர்கள் கேட்டதும் இதே கேள்விதான்: இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா? இரண்டும் இல்லை என்று ஆண்டவர் சொன்ன பிறகும் நம் மக்கள் அந்தக் கேள்வியை விடவில்லை.

பவுல் தன் மாம்சத்தில் உள்ள முள் என்று சொன்ன துன்பம் நீங்க மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை. அவரை யாரும் விசுவாசம் குறைந்தவர் என்று சொல்வதில்லை. பர்திமேயு தன்னிடம் வந்தபோது, அவன் பார்வையற்றவன் என்று தெரிந்தும், நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று இயேசு முதலில் கேட்டார். என்னிடமும் கேளுங்கள். நான் கேட்டுக்கொண்டால் ஜெபியுங்கள், தோளில் கைவைத்து ஜெபியுங்கள், சேர்ந்து அழுவேன். கேட்காமல் கைவைக்காதீர்கள்.

பெத்தேல்_ஊழியன்

சகோதரி எழுதியதைப் பலமுறை படித்தேன். சுகமளிக்கும் வரத்தைப் பற்றிய என் விசுவாசம் மாறவில்லை. ஆனால் முன்பின் கேட்காமல் கைவைப்பதை எங்கள் சபையில் இனி அனுமதிக்க மாட்டேன். உதவி ஊழியர்களிடமும் பேசுகிறேன். உங்கள் அம்மாவிடம் அப்படிப் பேசியவர்கள் சார்பில் எனக்கு மனம் வலிக்கிறது. எங்கள் சபை மாடியில் வாடகைக் கட்டடத்தில் நடக்கிறது. லிஃப்ட் இல்லை. அடுத்த இடம் பார்க்கும்போது கீழ்த்தளமாகத்தான் பார்ப்போம்.

வெண்கோல்

பார்வையற்றவன் எழுதுகிறேன். இதைத் தட்டச்சு செய்வது திரைவாசிப்பானின் உதவியோடு. நான் கேட்பவை எல்லாம் செலவில்லாதவை.

ஞாயிறு ஆராதனைப் பாடல்களைச் சபை வாட்ஸ்அப் குழுவில் படமாக அனுப்புகிறார்கள். படத்தை என் போன் படிக்காது. படித்தாலும் தமிழில் தப்பும் தவறுமாகத்தான் வரும். பாமினி என்ற பழைய வகை எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை அனுப்பினால் போன் அதை ஏதோ ஆங்கில எழுத்துக் கூட்டமாகப் படிக்கும். அதே பாடலை யூனிகோடில் சாதாரணச் செய்தியாக அனுப்புங்கள், சனிக்கிழமையே எனக்குப் பாடமாகிவிடும். பஞ்சாங்கம், கமிட்டி அறிக்கை, கணக்குச் சுருக்கம் எல்லாவற்றுக்கும் இதுதான். பிரெய்லில் வேதாகமம் முழுவதும் வைத்தால் ஒரு அலமாரி நிறைந்துவிடும். போனில் அத்தனையும் சட்டைப்பையில் இருக்கிறது. அதனால் நான் போனைக் காதில் வைத்திருந்தால் ஆராதனையில் யாரோடோ பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள், வேதம் வாசிக்கிறேன்.

என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள். உங்கள் முழங்கையை நான் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் அரையடி முன்னால் நடங்கள். படி வந்தால் ஏற்றமா இறக்கமா என்று சொல்லுங்கள். வணக்கம் சொல்லும்போது உங்கள் பெயரையும் சொல்லுங்கள். "என் குரல் யாருடையது, சொல்லுங்கள் பார்ப்போம்" என்று சோதிக்காதீர்கள். அன்பாகக் கேட்கிறார்கள் என்று தெரியும், ஆனால் ஆராதனைக்கு வந்த இடத்தில் எனக்கு எதற்குத் தேர்வு? பெஞ்சுகளின் இடத்தை மாற்றினால் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லுங்கள்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமானது ஒன்று இருக்கிறது. பாட அழைப்பார்கள். பார்வையற்றவன் என்றால் பாட வேண்டும் என்பது எழுதாத விதி. எனக்குப் பாட்டு வராது. நான் வங்கியில் வேலை பார்க்கிறேன், கணக்கு நன்றாக வரும். சபைக் கணக்கைத் தணிக்கை செய்யும் குழுவில் என்னைச் சேர்க்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை.

பொருநைக்கரை

வெண்கோல் அண்ணன், எங்கள் சேகரத்தில் இருந்திருந்தால் இன்றே உங்கள் வீட்டுக்கு வந்திருப்பேன். தணிக்கைக்கு ஆள் கிடைக்காமல் ஒவ்வொரு ஆண்டும் தவிக்கிறோம்.

விரல்கள்_பேசும்

நான் காது கேளாதவள். பாளையங்கோட்டையில் படித்தேன். அங்கே பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது. பார்வையற்றோருக்கும் அதே ஊரில் மிஷன் பள்ளி உண்டு. நம் திருச்சபை எங்களுக்குப் பள்ளி கட்டியது அரசு எதுவும் யோசிக்காத காலத்தில். அந்தச் சபையைச் சேர்ந்தவர்கள், பள்ளியை விட்டு வெளியே வந்து சொந்த ஊர்க் கோயிலில் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் ஒன்றும் புரியாமல் சுவரைப் பார்க்கிறோம். அதனால் பலர் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

திரையில் எழுத்தைக் காட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். எங்களில் பலருக்குச் சைகை மொழிதான் முதல் மொழி. எழுத்துத் தமிழ் பிறகு கற்றது. பழைய வேதாகமத் தமிழ் அதைவிடத் தூரம். சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவரை மூலையில் நிறுத்தாதீர்கள். பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் நின்றால்தான் ஆயரின் முகமும் மொழிபெயர்ப்பாளரின் கைகளும் ஒரே பார்வையில் வரும். முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். பீடத்துக்குப் பின்னால் பெரிய கண்ணாடி ஜன்னல் இருந்தால் காலை வெயிலில் நிற்பவர் நிழலாகத் தெரிவார். ஒரு விளக்கு அந்தக் குறையைத் தீர்க்கும். பிரசங்கக் குறிப்பை முன்கூட்டியே மொழிபெயர்ப்பாளருக்குத் தர வேண்டும். நெகேமியா, செப்பனியா என்று திடீரென்று பெயர்கள் வந்தால் அவர் ஒவ்வொரு எழுத்தாகக் காட்டி முடிப்பதற்குள் பிரசங்கம் அடுத்த வசனத்துக்குப் போய்விடும்.

"எல்லாரும் கண்களை மூடி ஜெபிப்போம்" என்று சொல்வார்கள். நாங்கள் கண்ணை மூடினால் ஜெபம் நின்றுவிடும். கண்ணைத் திறந்து ஜெபிக்கிற எங்களைச் சிறு வயதில் எத்தனை பேர் தலையில் தட்டியிருக்கிறார்கள்!

டெல்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2015இலிருந்து இருக்கிறது. அவர்களுடைய சைகை அகராதி இணையத்தில் கிடைக்கிறது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் சில சைகைகள் கற்றுக்கொடுங்கள். ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே நின்று பேசும்போது எங்களிடமும் யாராவது பேசுவார்கள்.

கல்லும்மண்ணும்

சகோதரி சொன்னதோடு, கொஞ்சம் காது மந்தமான முதியவர்களுக்காகவும் ஒன்று. ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினால் அவர்களுக்குக் கேட்கும் என்பது தவறு. உயர்ந்த கூரையும் கல்சுவரும் இருக்கும் இடத்தில் எதிரொலிதான் கூடும். தரையோரமாகக் கம்பியை வளையமாக ஓட்டி, மைக்கின் ஒலியைக் காந்தப்புலமாகச் செவித்துணைக் கருவிக்கே அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. கருவியில் 'டி' என்ற நிலை இருந்தால் போதும், மின்விசிறிச் சத்தமில்லாமல் ஆயர் காதுக்குள் பேசுவதுபோல் கேட்கும். தரையைப் பெயர்த்து வயர் போடுகிற இந்தச் சமயத்தில் அதையும் போட்டால் செலவு குறையும்.

கடைசிபெஞ்சு

என் மகனுக்குப் பதினொரு வயது, ஆட்டிசம். கடைசி பெஞ்சில் உட்காருவோம், எழுந்து ஓட வசதியாக. டிரம்ஸ் அடிக்கத் தொடங்கினால் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். அவனுக்கு அந்தச் சத்தம் உடம்பில் அடிப்பதுபோல் இருக்கிறது. ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "பிள்ளையைக் கண்டித்து வளர்க்கக் கூடாதா?" என்று ஒருவர் கேட்டார். வீட்டுக்குப் போய் யூடியூபில் ஆராதனை பார்க்கிறோம் இப்போது. உங்கள் சபைக்கு எங்களைப் போன்றவர்கள் வருவதில்லை என்று கேட்டாரே அந்தப் பெரியவர், காரணம் இதுதான்.

அமைதிநாடுபவர்

அம்மா, உங்கள் சிரமம் புரிகிறது. ஆனால் வாரம் முழுவதும் உழைத்துவிட்டு ஒரு மணி நேரம் அமைதியாக ஜெபிக்க வருகிறவர்களும் இருக்கிறார்களே. கண்ணாடித் தடுப்போடு தனி அறை ஒன்று கட்டி, ஸ்பீக்கர் வைத்துக் கொடுத்தால் இருவருக்கும் நல்லதல்லவா?

கடைசிபெஞ்சு

அறை இருந்தால் நான் நன்றி சொல்வேன். அவன் தவிக்கும்போது போய்க் கொஞ்சம் அடங்கிவிட்டு வருவதற்கு அது வேண்டும். ஆனால் அவன் போகவேண்டிய இடம் அதுதான் என்று வாசலிலேயே கைகாட்டினால், அது எங்களை வெளியே வைப்பதுதான். அறையில் இருந்தால் அவனுக்கு யார் சமாதானத்தின் கைகுலுக்கல் தருவார்கள்? அவனுக்கு ஏசாயாவும் எரேமியாவும் தெரியாது. ஆனால் வரிசையில் நின்று கைகொடுப்பது மிகவும் பிடிக்கும். ஒருவரையும் விடமாட்டான்.

வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. டிரம்ஸ் எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரிந்தால் காதுக்கவசம் போட்டுவிடுவேன். ஆராதனை ஒழுங்கைச் சின்னப் படங்களாக வரைந்து கொடுத்தால் அடுத்து என்ன என்று அவனுக்குத் தெரியும், பதற்றம் குறையும். முன்பு இருந்த கோயிற்பிள்ளை தாத்தா இவனை மணி அடிக்க விடுவார். மணிக்கயிறு கையில் இருந்த நாட்களில் அவன் ஒருமுறையும் கத்தியதில்லை.

மறைக்கல்வி_ஆசிரியை

கத்தோலிக்கப் பங்கில் மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிறேன். "இந்தப் பிள்ளைக்குப் புரியாது, புதுநன்மை (முதல் நற்கருணை) எதற்கு?" என்று பெற்றோரிடம் சொல்லி அனுப்பிவிடும் பழக்கம் எங்களிடமும் இருக்கிறது. திருச்சபைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 777ஆம் எண், உடலாலும் மனத்தாலும் குறைபாடு உள்ளவர்களுக்கு அவர்கள் நிலைக்கு ஏற்ற மறைக்கல்வி தருவதைப் பங்குத்தந்தையின் கடமையாகவே வைத்திருக்கிறது. திருத்தந்தை பத்தாம் பயஸ் 1910இலேயே, சாதாரண அப்பத்திலிருந்து நற்கருணையை வேறுபடுத்தி அறிந்தால் குழந்தைக்குப் போதும் என்று வழிகாட்டினார். மனப்பாடமாகச் செபம் ஒப்பிப்பது தகுதி அல்ல. டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு சிறுமிக்குப் பூசையில்லாத நாட்களில் வெறும் ஆலயத்தில் வைத்துப் படங்கள், பாட்டு, சைகை கொண்டு சொல்லிக்கொடுத்தேன். பீடத்தின் முன் அவள் கைகூப்புவதைப் பார்க்கிறவர்கள் அவளுக்குப் புரிகிறதா என்று கேட்பதில்லை.

விரல்கள்_பேசும் சகோதரிக்கு ஒரு நல்ல செய்தி. 2024 மே மாதம் திருச்சூரில் ஜோசப் தேர்மடம் என்ற காது கேளாத குருவானவர் திருநிலைப்படுத்தப்பட்டார். காது கேளாத குருவானவர்களில் இந்தியாவில் அவரே முதலாமவர். அவர் சைகை மொழியிலேயே திருப்பலி நிறைவேற்றுகிறார்.

ஊன்றுகோல்_61

இதைக் கேட்கத்தான் காத்திருந்தேன். பீடத்துக்கு இந்தப் பக்கம் எங்களை ஏற்றுக்கொள்வது வரை பேசுகிறோம். அந்தப் பக்கம்?

வேலூரில் மேரி வர்கீஸ் டாக்டர் 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் இயக்கம் இழந்தார். அவரை நோயாளியாக ஓரத்தில் வைத்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்ய அவருக்கு வழிசெய்து கொடுத்தார்கள். பிறகு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யில் மறுவாழ்வுச் சிகிச்சைத் துறையை அவரே தலைமையேற்று உருவாக்கினார், 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். கிறிஸ்தவ மருத்துவமனையால் முடிந்தது கிறிஸ்தவக் கோயிலால் முடியாதா? எங்கள் கமிட்டி கூடுவது மாடி ஹாலில். என்னைத் தேர்தலில் நிற்கச் சொன்னார்கள், எப்படி நிற்பேன்? வேதபாட மேடைக்கு மூன்று படிகள் இருக்கின்றன. பாடத்தை வாசிக்க எனக்குக் கீழே ஒரு மைக் வைக்க ஏன் இத்தனை ஆலோசனை?

நல்லூர்வாசி

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். போரில் காலை இழந்தவர்கள் இல்லாத சபை வடக்கில் அரிது. செயற்கைக்கால் பொருத்தியவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவது கடினம். பாயில் உட்கார்வதும் முழங்காலிடுவதும் இன்னும் கடினம். சாய்வுதளம் இருந்தாலும் இறங்குகிற பக்கம் உறுதியான கைப்பிடி இல்லாவிட்டால் பயன் குறைவு. எங்கள் நாட்டிலும் 1996இலேயே சட்டம் வந்துவிட்டது, கட்டடங்கள்தாம் மெல்ல மாறுகின்றன. "எழுந்து நிற்போம்" என்பதை "இயன்றவர்கள் எழுந்து நிற்போம்" என்று எங்கள் போதகர் சொல்லத் தொடங்கியபோது, உட்கார்ந்தே இருந்தவர்களின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

மணிக்கூண்டு

முகப்பை உயர்த்தும் நடைபாதை யோசனை எனக்கு மனநிறைவாக இருக்கிறது. தூக்கிக்கொண்டு போவது பற்றிச் சகோதரி எழுதிய பிறகு அந்த யோசனையை நான் வற்புறுத்த மாட்டேன். பழைய புகைப்படங்கள் என்னிடம் சில இருக்கின்றன. சில கோயில்களில் இப்போதுள்ள படிகள் பின்னாளில் மண் அரித்த பிறகு சேர்த்தவையாக இருக்கலாம். செயலர் தங்கள் கோயிலின் பழைய படத்தைத் தேடிப் பார்க்கட்டும்.

பொருநைக்கரை

எல்லாருக்கும் நன்றி. பணம் எல்லாவற்றுக்கும் போதாது, அதனால் வரிசைப்படுத்த வேண்டியிருக்கிறது. இந்த ஞாயிறே தொடங்கக் கூடியவை: திருவிருந்தைப் படிக்குக் கீழும் கொடுப்பது, பாடல்களை யூனிகோடில் அனுப்புவது, வாசலில் செருப்பு பற்றிக் கோயிற்பிள்ளைக்குச் சொல்வது, கீழே ஒரு மைக், கமிட்டிக் கூட்டம் பள்ளிக்கூடக் கீழ்த்தள வகுப்பறையில். ஆயரிடம் பேசிவிட்டேன், அவர் சம்மதம்.

நடுவில் உள்ள இரண்டு பெஞ்சுகளை ஓரத்தில் குறைத்தால் சக்கர நாற்காலி குடும்பத்தோடு ஒரே வரிசையில் நிற்க இடம் கிடைக்கும் என்று தச்சர் சொல்கிறார். அசன விழாவில் இதுவரை எல்லாருக்கும் தரையில் பந்தி, வரிசையில் தள்ளுமுள்ளு. இந்த ஆண்டு பந்தலுக்குள் மேஜைகள் போட்டு, வீடுகளில் இருப்பவர்களை ஆட்டோ அனுப்பி அழைத்துவந்து முதல் பந்தியில் உட்காரவைக்கப் போகிறோம். விருந்து செய்யும்போது யாரை அழைக்க வேண்டும் என்று லூக்கா 14இல் பட்டியலே இருக்கிறது: ஏழைகள், ஊனர், சப்பாணிகள், குருடர். நாம் இத்தனை ஆண்டு அவர்கள் வீட்டுக்குத் தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்பினோம்.

சைகை மொழிபெயர்ப்பாளருக்குத் தொடர்ந்து சம்பளம் கொடுக்க முடியுமா என்பதில்தான் கமிட்டி தயங்குகிறது. கழிவறைக்கும் இடம் முடிவாகவில்லை.

விரல்கள்_பேசும்

அடுத்தடுத்த மூன்று நான்கு சேகரங்கள் சேர்ந்து ஒருவரை அமர்த்தலாம். மாதத்துக்கு ஒரு ஞாயிறு உங்கள் கோயில், மற்ற ஞாயிறுகளில் அவர் இருக்கும் கோயிலுக்கு எங்களை அழைத்துப் போக வாகனம். எங்கள் நண்பர்கள் குழுவில் இன்றே கேட்டுச் சொல்கிறேன். எந்த ஞாயிறு என்று மட்டும் முன்பே அறிவித்துவிடுங்கள். ஆளே வரவில்லை என்று முதல் மாதத்திலேயே நிறுத்திவிடாதீர்கள். விட்டுப் போனவர்கள் நம்பித் திரும்ப நாளாகும்.

சக்கரமும்நானும்

கழிவறை வாசல் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே நாற்காலி முழுவதும் திரும்ப 1.5 மீட்டர் குறுக்களவுள்ள இடம் வேண்டும். மேற்கத்திய பாணிக் கழிவறை, இருபுறமும் கம்பி. கட்டிய பிறகு துடைப்பமும் பழைய நாற்காலிகளும் போட்டுப் பூட்டி வைக்காதீர்கள். நான் போன இடங்களில் பாதிக்கு மேல் சாவி யாரிடம் என்று தேடுவதிலேயே நேரம் போய்விடுகிறது.

கல்லும்மண்ணும்

செயலர் அவர்களே, நான் தூத்துக்குடியில்தான் இருக்கிறேன். வரும் சனிக்கிழமை வந்து அளவெடுத்துத் தருகிறேன், கட்டணம் வேண்டாம். ஆட்டோ நிற்கும் சாலையோரத்திலிருந்து பீடம் வரை, அங்கிருந்து கழிவறை வரை அளக்க வேண்டும். உங்கள் சபையில் சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஒருவரும் பார்வையற்ற அந்தப் பெரியவரும் உடன் வரச் சம்மதிப்பார்களா என்று கேட்டுவையுங்கள்.

பொருநைக்கரை

பெரியவரிடம் இப்போதுதான் போனில் பேசினேன். காலை எட்டு மணிக்கே தயாராக இருப்பதாகச் சொல்கிறார். பாடகர் குழுவில் பழையபடி பேஸ் என்கிற கனத்த குரலில் பாட இடம் உண்டா என்றும் கேட்டார். உண்டு என்று சொல்லிவிட்டேன்.